குத்தூசியும் உருளையும்: தோல் தொழிற்கருவிகளின் வரலாற்றில் வால்சால் நகரும் சென்னை மாகாணமும்

1. முன்னுரை

தமிழகத் தோல் தொழிலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று திசைகளில் சென்றுள்ளன. ஏற்றுமதி வணிகத்தின் வளர்ச்சியை ஆராய்வன ஒரு வகை. அத்தொழிலின்மீது சுமத்தப்பட்ட சாதியிழிவை ஆராய்வன மற்றொரு வகை. பாலாற்றுப் படுகையின் நீரும் நிலமும் கெட்ட கதையை ஆராய்வன மூன்றாம் வகை. இம்மூன்றும் இன்றியமையாதவை. எனினும் தோலை வெட்டிய கத்தி, துளையிட்ட ஊசி, ஊறவைத்த குழி, சுழற்றிய உருளை ஆகியவை இவற்றில் ஓரமாகவே வந்து போகின்றன. ஒரு கருவி யாருடைய கையில் இருந்தது, அதை வேறொரு எந்திரம் எப்போது விலக்கியது, விலக்கியபின் அந்தக் கையின் அறிவு எங்கே போயிற்று என்னும் வினாக்கள் தொழில் வரலாற்றின் அடிப்படை வினாக்கள் ஆகும்.

இக்கட்டுரை இரண்டு இடங்களை இணைத்து நோக்குகிறது. ஒன்று, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள வால்சால் என்னும் சேணத் தொழில் நகரம். மற்றொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்குப் பெருமளவு பதனிட்ட தோலை அனுப்பிய சென்னை மாகாணம். முதலாவது தோலை முடிந்த பொருளாக்கிய இடம். இரண்டாவது தோலைப் பாதி வழியில் கைமாற்றிய இடம். ஒரு நாட்டின் தோல் தொழில் எந்தப் படிநிலையில் நிறுத்தப்படுகிறதோ அந்தப் படிநிலைக்குரிய கருவிகளே அங்கு வளர்கின்றன. அதற்கு அடுத்த படிநிலையின் கருவிகளும் ஊதியமும் மதிப்பும் வேறிடத்தில் தங்கிவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. பழந்தமிழ்ச் சான்றுகள்

தோலைத் தைக்கும் தொழில் தமிழ் நாட்டில் மிகத் தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூர் எடுத்த காதை புகார் நகரத் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது, துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்து வைக்கிறது. இருவருக்கும் 'துன்னுதல்' என்னும் ஒரே வினையடியாகப் பிறந்த பெயரே வழங்கப்படுகிறது. இது சொல்லாய்வுக்கு மட்டும் உரிய செய்தி எனக் கொள்ளலாகாது. ஊசியால் இணைப்பது என்னும் தொழில்நுட்பம் ஒன்றே. பொருள் மட்டுமே வேறு என்னும் பார்வை அதில் தெரிகிறது. பிற்காலச் சமூகம் இவ்விருவருக்கும் இடையே எழுப்பிய உயரமான சுவர் அந்தச் சொல்லில் இல்லை.

குதிரையும் அதன் கலன்களும் தமிழ் இலக்கியத்திலும் சிற்பத்திலும் நிறையவே காணப்படுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபுப் பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையில் குதிரைகள் இறக்குமதியானதையும், சரியான பராமரிப்பு இன்மையால் அவற்றுட் பல இறந்ததையும் பதிவு செய்துள்ளார். திருவரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைகளின் கடிவாளமும் மார்புவாரும் சேணமும் கல்லில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. கல்தச்சர் வாரின் மடிப்பையும் இணைப்பையும் காட்டியிருக்கும் முறை, அவர்கள் தோல் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்கள் என்பதை உணர்த்துகிறது. குதிரையை ஏறிய வீரனும் அதைச் செதுக்கிய சிற்பியும் புகழப்பட்டனர்; அச்சேணத்தைத் தைத்தவர் அப்புகழில் பங்கு பெறவில்லை.

3. சேணம் உருவாகும் முறையும் வால்சாலின் கருவிகளும்

வால்சால் நகரம் தோலால் தொடங்கியதன்று, இரும்பால் தொடங்கியது. இடைக்காலம் முதலே அங்குக் கடிவாள இரும்பு, அங்கவடி, குதிமுள், வார்ப்பூட்டு ஆகியவற்றைச் செய்யும் கொல்லர்கள் இருந்தனர். குதிரைக்குரிய உலோகப் பொருள்களைச் செய்த ஊரில், அவற்றைத் தாங்கும் வார்களையும் சேணங்களையும் செய்யும் தொழில் பின்னர் வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் பாதையும் பேரரசின் சந்தையும் சேர்ந்தபோது, உலகின் முதன்மையான சேணத் தொழில் நகரங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. அந்நகரின் காற்பந்துக் குழுவைச் 'சேணம் செய்வோர்' என்னும் பொருள்படும் 'சாட்லர்ஸ்' என்ற பெயரால் மக்கள் இன்றும் அழைக்கின்றனர்.

கருவி வரலாற்று நோக்கில் இந்த வரிசை முக்கியமானது. தோல் வேலைக்கு வேண்டிய கத்தி, ஊசி, துளைப்பான், சுத்தியல் அனைத்தும் உலோகக் கருவிகள். அவற்றைச் செய்வோர் வால்சாலிலும் அண்மையிலிருந்த பர்மிங்காமிலும் வாழ்ந்தனர். கருவியைப் பயன்படுத்துவோரும் கருவியைச் செய்வோரும் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தமையால், கைப்பிடியின் வளைவு முதல் அலகின் கூர்மை வரை திருத்தங்கள் எளிதில் நிகழ்ந்தன.

ஆங்கில முறைச் சேணத்தின் உள்ளே ஒரு மரச்சட்டம் உள்ளது. பீச் மரத்தால் செய்து எஃகுத் தகடுகளால் வலுவூட்டப்பட்ட அச்சட்டமே சேணத்தின் எலும்புக்கூடு. சட்டம் செய்வது தனித் தொழில். சேணம் தைப்பவர் அதை வாங்கியே வேலையைத் தொடங்குவார். சட்டத்தின் குறுக்கே வலிய நாடாக்களை இழுத்துப் பிடித்து ஆணியறைய, அகன்ற வாயுடைய இடுக்கி பயன்பட்டது. நாடா தளர்ந்தால் இருக்கை தொய்யும். இருக்கை தொய்ந்தால் சட்டம் குதிரையின் முதுகெலும்பை அழுத்திப் புண்ணாக்கும். ஆகவே அந்த இடுக்கியை இழுக்கும் கையின் அளவறிவே சேணத்தின் தரத்தை முதலில் தீர்மானித்தது. பின்னர் இருக்கைமேல் ஈரப்படுத்திய தோலை இழுத்துப் பொருத்துவர். இதற்குப் பன்றித்தோல் பெரிதும் பயன்பட்டது. குதிரையின் முதுகில் படும் அடிமெத்தைக்குள் கம்பளி மயிரை நீண்ட இரும்புக் கோலால் சிறிது சிறிதாகத் திணிப்பர். ஓரிடத்தில் கட்டி விழுந்தால் அது குதிரைக்கு வலி. அக்கட்டியைக் கண்டறியும் கருவி விரல் நுனி ஒன்றே.

வார்களை வெட்டப் பிறைவடிவக் கத்தியும், ஒரே அகலத்தில் நீளவாக்கில் கீறக் கலப்பை போன்ற அளவுக்கத்தியும் இருந்தன. ஓரத்தின் கூர்மையைச் சீவி எடுக்க ஒரு சிறு சீவுளி, சூடேற்றி ஓரத்தில் கோடிட ஓர் இரும்பு, தையல் துளைகளுக்கு இடையே உள்ள தொலைவைக் குறிக்கப் பற்களுடைய குறியுளி எனக் கருவிகள் பெருகின. தைப்பவர் இரு வளைந்த மரப்பலகைகளாலான நீண்ட கவ்வியை முழங்கால்களுக்கு இடையே இறுக்கி, அதன் வாயில் தோலைப் பிடித்துக்கொண்டு இரு கைகளையும் தையலுக்கு விடுவித்துக்கொள்வார். அவர் உடலே ஒரு பணிமேசையாக மாறிவிடும்.

4. கைத்தையலும் எந்திரத் தையலும்

சேணத் தையலின் அடிப்படை எளியது. பல இழைகளைச் சேர்த்து முறுக்கித் தேன்மெழுகு பூசிய ஒரு நூலின் இரு முனைகளிலும் இரு ஊசிகள் கோக்கப்படும். சாய்சதுர முனையுடைய குத்தூசியால் துளையிட்டு, அதே துளை வழியாக இரு ஊசிகளையும் எதிரெதிர்த் திசையில் செலுத்தி இழுப்பர். அங்குலத்திற்கு 8 முதல் 12 வரை தையல்கள் விழும். இம்முறையில் ஒவ்வொரு துளையிலும் இரு நூல்கள் கடப்பதால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல்கள் பிடித்து நிற்கும். துளை சாய்சதுரமாக இருப்பதால், நூல் இறுகியபின் தோல் அதைச் சுற்றி மூடிக்கொள்ளும்.

தையல் எந்திரத்தின் பூட்டுத்தையல் வேறு வகையைச் சேர்ந்தது. மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றி நிற்கும். மேற்பரப்பில் உராய்ந்து ஒரு நூல் தேய்ந்தால் அடுத்தடுத்த தையல்களும் தளரத் தொடங்கும். துணிக்கு இது பெருங்குறை ஆகாது. ஓடும் குதிரையின் கடிவாள வாருக்கு இது உயிர்ப் பிரச்சினை. எந்திரம் பரவிய பின்னரும் பளுவைத் தாங்கும் இணைப்புகளில் கைத்தையல் நீடித்ததற்கு இதுவே காரணம். பழமைப் பற்று இதில் சிறு பங்கே வகித்தது.

வரலாற்றில் நினைவில் வைக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. தையல் எந்திரத்திற்கான முதல் முழுமையான வடிவமைப்பு தோலை மனத்தில் கொண்டே எழுந்தது. இங்கிலாந்தின் தாமஸ் செயின்ட் 1790இல் பெற்ற காப்புரிமையில், முதலில் ஒரு குத்தூசி இறங்கித் துளையிடும். பின்பு மற்றோர் ஊசி நூலைக் கொண்டுசெல்லும். அதாவது, அவர் தோல் தொழிலாளியின் இரு கை அசைவுகளையும் அப்படியே பிரித்து இரும்பில் அமைத்தார். அவ்வரைபடம் காப்புரிமைக் கோப்புகளுக்குள் மறைந்து கிடந்து, 1870களில் நியூட்டன் வில்சன் என்பவரால் கண்டெடுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எலியாஸ் ஹோவின் 1846ஆம் ஆண்டுக் காப்புரிமையும், காலணி அடித்தோலைத் தைக்க லைமன் பிளேக் 1858இல் பெற்ற காப்புரிமையும் தொழிலை மாற்றிவிட்டிருந்தன. காலணித் தொழில் விரைவில் எந்திரமயமாயிற்று. சேணத் தொழில் அவ்வாறு மாறவில்லை. காலணியின் அடி சமதளமானது, அளவுகள் திட்டமானவை. சேணமோ வளைவுகளால் ஆனது, குதிரைக்குக் குதிரை வேறுபடுவது.

எந்திரம் வந்தபோது யாருடைய வேலை முதலில் பாதிக்கப்பட்டது என்பதையும் கருத வேண்டும். வால்சாலில் கடிவாள வார்களைத் தைத்தோருள் பெண்கள் பெருந்தொகையினர். வெட்டுதலும் சேணம் கட்டுதலும் ஆண்களின் வேலையாகக் கருதப்பட, நேர்த்தையல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுக் குறைந்த கூலி தரப்பட்டது. எந்திரம் முதலில் எட்டிப்பிடித்தது இந்த நேர்த்தையலைத்தான். பின்னர் மோட்டார் வாகனம் வந்து குதிரைவண்டிக் கலன்களின் சந்தையையே அகற்றியபோது, வால்சால் பட்டறைகள் கைப்பை, பணப்பை போன்ற சிறு தோல் பொருள்களுக்குத் திரும்பின. கருவிகளும் கைகளும் அங்கேயே இருந்தமையால் அத்திருப்பம் இயன்றது. 1988 முதல் அந்நகரில் இயங்கும் தோல் அருங்காட்சியகம் அக்கருவிகளையும் அவற்றைக் கையாளும் முறையையும் காத்துவருகிறது.

5. ஆவாரம்பட்டையும் அரைப்பதனிட்ட தோலும்

சென்னை மாகாணத்தின் கருவித் தொகுதி முற்றிலும் வேறானது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, சென்னையின் பெரியமேடு ஆகிய இடங்களில், 'தோல் ஷாப்பு' என மக்கள் வழங்கிய பதனிடும் சாலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகின. வெள்ளாட்டுத்தோல், செம்மறித்தோல், சிறிய மாட்டுத்தோல் ஆகியவையே அவற்றின் முதன்மைப் பொருள்கள்.

பச்சைத்தோலை முதலில் நீரில் ஊறவைத்து, பின் சுண்ணாம்புக் குழியில் பல நாள் கிடத்துவர். மயிர்வேர் தளர்ந்ததும், சாய்வான மரக்கட்டையின்மேல் தோலை விரித்து, இருபுறமும் பிடியுள்ள மழுங்கிய கத்தியால் மயிரைத் தள்ளுவர். மறுபக்கத்தின் ஊன்சவ்வைக் கூரிய கத்தியால் சீவுவர். இதில் கத்தி ஒரு மயிரிழை அதிகமாக இறங்கினாலும் தோல் வெட்டுப்பட்டு மதிப்பிழக்கும். சுண்ணாம்பை நீக்கிய பின்னர், இடித்த ஆவாரம்பட்டை ஊறிய குழிகளில் தோலை மாற்றி மாற்றி இடுவர். தொழிலாளர் உள்ளே இறங்கிக் காலால் மிதித்துச் சாறேற்றுவர். இறுதியில் கடுக்காய் நீரில் தோய்ப்பர்.

இந்தக் கடைசித் தோய்ச்சல் தமிழகப் பதனிடு முறையின் நுட்பமான கண்டுபிடிப்புகளுள் ஒன்று. ஆவாரம்பட்டையால் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்து கறுக்கும். கடுக்காயின் துவர்ச்சத்து அதைத் தடுத்து வெளிர்நிறத்தைக் காக்கும். இரு தாவரங்களின் துவர்ச்சத்துகள் வேறுபட்ட வேதியியல் வகையைச் சேர்ந்தவை என்பதை இன்றைய அறிவியல் விளக்குகிறது. அந்த விளக்கம் பிறக்கும் முன்பே குழியோரத்துத் தொழிலாளர் அதன் பயனைக் கைக்கொண்டிருந்தனர். பின்பு புங்கெண்ணெய் முதலிய எண்ணெயைத் தேய்த்து, பலகைமேல் விரித்து, மழுங்கிய தகட்டால் அழுத்திச் சுருக்கம் நீக்கி நிழலில் உலர்த்துவர்.

இவ்வாறு உருவான தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரில் இலண்டனுக்குச் சென்று ஏலத்தில் விற்கப்பட்டது. அங்கிருந்து பெர்மாண்ட்சி, லீட்ஸ் முதலிய இடங்களின் பட்டறைகள் அதை வாங்கிச் சாயமேற்றி, பிளந்து, சீவி, மெருகிட்டுக் காலணி மேல்தோலாகவும் உள்ளுறையாகவும் நூற்கட்டுத் தோலாகவும் மாற்றின. முதல் உலகப்போரின்போது பிரித்தானியப் படைவீரரின் காலணிகளுக்கு இத்தோல் இன்றியமையாததாகி, அதன் வணிகம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

வணிக மொழியில் இது 'அரைப்பதனிட்ட தோல்' எனப்பட்டது. இச்சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அழுகும் பொருளை அழுகாப் பொருளாக்கும் அருஞ்செயல் முழுவதும் தமிழகத்திலேயே முடிந்துவிட்டது. எஞ்சியவை நிறமும் பளபளப்பும் சீரான தடிப்புமே. எனினும் அந்த எஞ்சிய பகுதிக்குரிய பிளக்கும் எந்திரமும் சீவும் எந்திரமும் மெருகேற்றும் எந்திரமும் கடலுக்கு அப்பால் இருந்தன. ஆகவே தமிழகத்தில் நடந்தது 'அரை' ஆயிற்று. அங்கே நடந்தது 'நிறைவு' ஆயிற்று. எந்திரம் இருந்த இடம் மதிப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது.

6. சேணம் ஏன் சென்னையில் வளரவில்லை?

தோல் இவ்வளவு கிடைத்த மாகாணத்தில் சேணத் தொழில் வால்சாலைப் போலவோ கான்பூரைப் போலவோ ஏன் பெருகவில்லை என்னும் வினா இங்கு எழும். முதற் காரணம் பொருளில் உள்ளது. சேணத்திற்கும் கலன்களுக்கும் தடித்த, வடிவம் மாறாத, கொழுப்பேற்றிய பெருந்தோல் தேவை. கடிவாள வாருக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். இங்கிலாந்தில் ஓக் மரப்பட்டையால் நீண்டகாலம் பதனிட்ட மாட்டுத்தோல் இதற்குப் பயன்பட்டது. கான்பூரில் கருவேலம்பட்டையால் பதனிட்ட எருமை, மாட்டுத் தோல்கள் இருந்தன. தமிழகத்தின் சிறப்போ மெல்லிய ஆட்டுத்தோலிலும் சிறிய மாட்டுத்தோலிலும் இருந்தது.

இரண்டாம் காரணம் படை. 1857க்குப் பின் வட இந்தியாவில் குதிரைப்படைக்கும் பீரங்கி வண்டிகளுக்கும் கலன்கள் செய்ய அரசு கான்பூரில் தொழிற்சாலை நிறுவியது. அரசு நிலையான வாங்குபவராக நின்றதால், அங்கே வெட்டுவோரும் தைப்போரும் கருவி திருத்துவோரும் தலைமுறைகளாக உருவாயினர். குதிரைப்படைத் தேவை ஒழிந்த பின்னரும் கான்பூர் உலகச் சந்தைக்குச் சேணம் அனுப்பும் நகரமாக நிலைத்ததற்கு இதுவே அடித்தளம். சென்னையில் குதிரைவண்டிகள் இல்லாமலில்லை. 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் வண்டி கட்டுவதில் பெயர்பெற்றுப் பின் மோட்டார் வாகனங்களுக்கு மாறியது. ஆனால் நகரத் தேவை ஒரு தொழில் வட்டாரத்தை உருவாக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லை. சென்னைத் தோலுக்குப் பெரிய வாங்குபவர் இலண்டன் ஏலக்கூடம். அது கேட்டது சேணத்தை அன்று, மெருகிடாத தோலை.

7. குரோம் உருளையும் கவலைத் தோலும்

அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்ற குரோம் முறையும், 1893இல் மார்ட்டின் டென்னிஸ் எளிமையாக்கிய ஒற்றைக் கரைசல் முறையும் உலகத் தோல் தொழிலைப் புரட்டிப்போட்டன. வாரக்கணக்கில் குழியில் கிடந்த தோல், சுழலும் மர உருளைக்குள் மிகக் குறைந்த காலத்தில் பதப்பட்டது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் பதனிட்ட ஆட்டுத்தோலை விடுத்துப் பச்சைத்தோலையே நாடின. நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்துப் பதனிடும் சாலைகள் பல மூடப்பட்டன. ஒரு காலத்தில் மெருகிடும் எந்திரம் இல்லாமையால் 'அரை' எனப்பட்ட தொழில், இப்போது உருளை இல்லாமையால் அந்த அரையையும் இழக்கும் நிலைக்கு வந்தது.

இந்நிலையில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்டன் 1903 முதல் குரோம் பதனிடுதலைச் சோதித்தார். முன்னர் அலுமினியப் பாத்திரத் தொழிலை அங்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. அவர் குரோம் தோலை முதலில் கொண்டுசெல்ல விரும்பிய இடங்களுள் ஒன்று உழவர் கிணறு. இரு மாடுகள் சரிவில் இறங்கி நீரிறைக்கும் கவலையில், சாலோடு இணைந்த தோல்வால் எப்போதும் நனைந்து காய்ந்து நைந்துபோகும். குரோம் தோல் நீரில் நெடுநாள் தாங்கும். உலகச் சந்தையை நோக்கிய ஒரு வேதியியல் முறையை உள்ளூர்க் கிணற்றின் தேவையோடு இணைத்த இம்முயற்சி, தமிழகத் தொழில்நுட்ப வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது.

அரசு நேரடியாகத் தொழில் நடத்துவதைத் தனியார் ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு 1910இல், அரசுப் பணம் தொழிற்கல்விக்கே செலவாக வேண்டும், வணிக முயற்சிக்கு அன்று என்னும் கருத்தை வலியுறுத்தினார். அரசுக் குரோம் சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. பின்பு சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் நிறுவனம் பல்லாவரத்தை அடுத்த பகுதியில் வளர்ந்து, குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரையே விட்டுச் சென்றது. ஒரு வேதிப்பொருளின் பெயர் தமிழ்நாட்டில் ஓர் ஊருக்குப் பெயராகி நிற்பது இத்தொழிலின் தடத்தை உணர்த்தும்.

8. கருவியைப் பிடித்த கைகள்

கவலைக்குத் தோல்வால் தைத்தவரும், வடக்கயிற்றோடு அதைப் பிணைத்தவரும், உழவர்க்குச் செருப்பும் வாரும் செய்தவரும் பெரும்பாலும் அருந்ததியர். கொங்கு நாட்டில் அவர்கள் உழைப்புக்குக் களத்து மேட்டில் தானியமே கூலியாக அளக்கப்பட்டது. பதனிடும் சாலைகளின் சுண்ணாம்புக் குழியில் இறங்கியோருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். சாலைகளின் உரிமையாளர்களாகவும் ஏற்றுமதியாளர்களாகவும் தமிழ் முசுலிம் வணிகர்கள் முதன்மை பெற்றனர். பிற சாதியினர் தொட மறுத்த பொருளைத் தொட்டதால் அவர்கள் கடல்கடந்த வணிகத்தில் நிலைபெற்றனர். அவ்வருவாயின் ஒரு பகுதி கல்விக்கும் திரும்பியது. 1951இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி அதற்கு ஒரு சான்று.

வால்சாலில் குத்தூசியைப் பிடித்தவர் ஏழையாக இருந்தார். ஆயினும் அவர் கைவினைஞர் எனப்பட்டார். அவர் மகன் பயிற்சி முடித்துத் தன் பெயரில் பட்டறை வைக்க இயன்றது. தமிழகத்தில் அதே குத்தூசியைப் பிடித்தவர் தீண்டத்தகாதவர் எனப்பட்டார். அவரது திறன் திறனாகப் பெயர்பெறவில்லை. பிறவியின் அடையாளமாகவே கருதப்பட்டது. கருவியின் மேம்பாடு என்பது கருவியைப் பற்றிப் பேசும் உரிமையோடு பிணைந்தது. எந்தக் கத்தி நன்றாக வெட்டும், எந்த அலகு தோலைக் கிழிக்கும் எனப் பயன்படுத்துவோர் சொல்ல, செய்வோர் கேட்டுத் திருத்தும் உரையாடல் வால்சாலில் நிகழ்ந்தது. கொல்லர் பட்டறைக்கும் சேரிக்கும் இடையே இருந்த தொலைவு தமிழகத்தில் அவ்வுரையாடலைத் தடுத்தது. தமிழகத் தோல் கருவிகள் நெடுங்காலம் மாறாமல் இருந்ததற்குத் தொழிலாளியின் அறியாமையைக் காரணமாகக் கூறிய குடியேற்றக் கால எழுத்துகள் இந்தத் தொலைவைக் கணக்கில் கொள்ளவில்லை.

திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வையும் போராட்டத்தையும் பொருளாகக் கொண்ட டி. செல்வராஜின் 'தோல்' என்னும் புதினம் 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஆவணக் காப்பகங்களில் விலைப்பட்டியலாகவும் ஏற்றுமதி எண்ணிக்கையாகவும் கிடக்கும் ஒரு தொழிலின் மனித உடலை வரலாற்றாசிரியர்க்கு முன்னே இலக்கியம் காட்டிவிட்டது எனலாம்.

9. நிறைவுத் தொழில் திரும்பிய காலம்

சென்னையில் 1915இல் தோல் தொழிற்பள்ளியும், 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் தோன்றின. பின்னதன் இயக்குநராக விளங்கிய ஒய். நாயுடம்மா, ஆய்வுக்கூட அறிவைச் சிற்றூர்ப் பதனிடுவோரிடம் கொண்டுசேர்க்க முயன்றவர். எனினும் பெரிய மாற்றம் ஏற்றுமதிக் கொள்கையின் வழியாகவே வந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1973இல் இந்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதனிட்ட தோலுக்கும் அளவு வரையறை செய்தது. நூறாண்டுக்கு மேலாகக் கடலுக்கு அப்பால் இருந்த பிளக்கும் எந்திரமும் சீவும் எந்திரமும் ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் வந்தன. காலணித் தொழிற்சாலைகள் எழுந்தன. தையல் எந்திரங்களின் முன் பெண்கள் பெருந்தொகையில் அமர்ந்தனர். வால்சாலின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தையற்பெண்களை இக்காட்சி நினைவூட்டுகிறது. அங்கு எழுந்த கூலி வேறுபாடு பற்றிய வினாவும் இங்குத் தொடர்கிறது.

எந்திரத்தோடு குரோம் கழிவும் வந்தது. குழியில் ஆவாரம்பட்டை ஊறிய காலத்திலும் நீர் கெட்டது உண்மையே. உருளைகள் பெருகியபோது பாலாற்றுப் படுகையின் கிணறுகளும் வயல்களும் பெருங்கேட்டுக்கு உள்ளாயின. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. முன்பு மதிப்பு வேறு நாட்டில் தங்கியது; கழிவு இங்கே தங்கியது. நிறைவுத் தொழில் வந்தபின் மதிப்பின் ஒரு பகுதி இங்கு வந்தது, கழிவோ பன்மடங்காயிற்று.

10. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, தோல் கருவிகளின் வளர்ச்சியைத் தனியொரு கண்டுபிடிப்பாளரின் திறமையால் மட்டும் விளக்க இயலாது. மூலப்பொருளின் தன்மை, நிலையான வாங்குபவர், கருவி செய்வோரின் அண்மை ஆகிய மூன்றும் கூடிய இடங்களிலேயே சேணத் தொழில் வளர்ந்தது. இரண்டாவது, 'அரைப்பதனிட்ட' என்னும் அடைமொழி தொழில்நுட்ப விவரிப்பாகத் தோன்றினாலும், அது எந்திரங்கள் எங்கே வைக்கப்பட்டன என்பதன் விளைவு. அதைக் கொண்டு தமிழகப் பதனிடுவோரின் அறிவை அளப்பது தவறாகும். மூன்றாவது, கைவினைத் திறன் நிலைபெறுவதற்குக் கருவியைப் போலவே மதிப்பும் தேவை. வால்சாலில் கைத்தையல் இன்றும் நீடிப்பதற்கு, அதைச் செய்பவர் தம் தொழிலின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல முடிவது ஒரு காரணம்.

கவலை மறைந்து மின்விசை இறைப்பு வந்தபோது, தோல்வால் தைக்கும் கலையும் அதன் அளவுமுறையும் சொற்களும் உடன் மறையத் தொடங்கின. அகராதியில் ஒரு சொல் இருப்பது போதாது. அக்கருவி எவ்வாறு பிடிக்கப்பட்டது, எத்தனை முறை தீட்டப்பட்டது, எந்த ஒலியைக் கேட்டுத் தோல் பதமாயிற்று என அறிந்தனர் என்பவையும் பதிவாக வேண்டும். அவற்றை அறிந்த முதியோர் கொங்கு நாட்டிலும் திண்டுக்கல்லிலும் பாலாற்றங்கரையிலும் இன்னும் வாழ்கின்றனர். ஆய்வாளர்கள் அவர்களைத் தகவல் தருவோராக மட்டும் கருதாமல், அத்துறையின் அறிஞர்களாகக் கருதி அவர்கள் பெயரோடும் இசைவோடும் அவ்வறிவைப் பதிவு செய்தல் வேண்டும். சேணத்தைத் தைத்தவர் பெயர் கல்வெட்டில் இல்லாமற் போயிற்று. செருப்பையும் கவலைத் தோலையும் தைத்தவர் பெயரும் அவ்வாறே போகாமல் காப்பது இத்தலைமுறை ஆய்வாளரின் கடமை.